ஹார்மோனின் பிடி தளர்வது ஏன்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

குவானோசின் டிரைபாஸ்பேட் என்ற நியூக்ளியோடைடைச் சேர்த்தால், இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனான குளுக்ககான் தன் ஏற்பியை (அதைப் பற்றிக்கொள்ளும் செல் சவ்வுப் புரதத்தை) விட்டு விரைவாக விலகுகிறது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அந்த நியூக்ளியோடைடு இல்லாவிட்டால் குளுக்ககான் செயல்படாது என்றும் அடுத்த பத்தியிலேயே சொல்கிறீர்கள். பிடியைத் தளர்த்தும் பொருள் செயலுக்கு எப்படித் துணையாகும்? சோடியம் போன்ற அயனிகளுக்கும் இதில் பங்கு உண்டா?

உயிர்வேதியியல் முதுகலை மாணவி

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டு கூற்றுகளும் சரியே. ஹார்மோன் எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ அவ்வளவு வலுவாகச் செயல்படும் என்று நாம் எண்ணிக்கொள்வதால்தான் அவை முரண்போலத் தெரிகின்றன. பாடநூல்களின் பூட்டு-சாவிப் படத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு. பூட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அந்தப் படம் காட்டுவதே இல்லை.

அமெரிக்காவின் பெதஸ்டாவில் மார்ட்டின் ராட்பெல்லும் சகாக்களும், எலியின் கல்லீரல் செல் சவ்வில் கதிரியக்க அயோடின் ஏற்றிய குளுக்ககான் ஒட்டுவதையும் விலகுவதையும் அளந்து 1971இல் வெளியிட்டார்கள். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் சேர்த்தபோது ஹார்மோன் விரைந்து விலகியது. ஆனால் அதற்கு ஏடிபி மிகுதியாகத் தேவைப்பட்டது. குவானோசின் டிரைபாஸ்பேட்டோ மிகச் சிறிய அளவிலேயே அதைச் செய்து முடித்தது. விலைக்கு வாங்கிய ஏடிபியில் அது கலந்திருந்ததும் பின்னர் தெரியவந்தது. மாசு கலந்த வேதிப்பொருள் ஆய்வாளருக்கு நல்வழி காட்டிய அரிய தருணங்களில் இதுவும் ஒன்று.

சவ்வின் உட்புறத்தில் இருந்து, ஏற்பியின் செய்தியை உள்ளே கடத்தும் ஜி புரதம், ஓய்வு நிலையில் குவானோசின் டைபாஸ்பேட்டைப் பற்றியிருக்கிறது. வெளியே ஹார்மோன் அமர்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாற, உள்ளே ஜி புரதம் அந்த டைபாஸ்பேட்டை நழுவவிடுகிறது. நியூக்ளியோடைடு ஏதுமற்ற அந்த இடைநிலையில் ஹார்மோன், ஏற்பி, ஜி புரதம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நிலைநிறுத்துகின்றன. ஹார்மோனின் பிடி மிக இறுகியிருப்பது அப்போதுதான். செல்லுக்குள் தாராளமாக உள்ள டிரைபாஸ்பேட் அந்தக் காலியிடத்தில் ஏறியவுடன், ஜி புரதம் ஏற்பியை விட்டுப் பிரிந்து அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டப் போய்விடுகிறது. தனித்து விடப்பட்ட ஏற்பியால் ஹார்மோனைத் தளர்வாகவே பிடிக்க முடிகிறது. ஆகவே, நீங்கள் காணும் தளர்ச்சி, செய்தி உள்ளே சேர்ந்துவிட்டதன் அடையாளம். பீட்டா அட்ரினலின் ஏற்பியை வைத்து இந்த மும்மைக் கூட்டை அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் குழுவினர் 1980இல் கணித மாதிரியாக்கினார்கள். 2011இல் மற்றோர் அமெரிக்க ஆய்வாளரான பிரையன் கோபில்காவின் குழு அதன் படிக அமைப்பையே வெளியிட்டபோது, ஜி புரதத்தில் நியூக்ளியோடைடு இருக்கவேண்டிய இடம் காலியாகவே இருந்தது. இன்சுலின் ஏற்பி, ஜி புரதத்தோடு இணைந்து செயல்படும் இந்த ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று என்பதால் அதற்கு இந்த விளக்கம் பொருந்தாது.

இனி அயனிகள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓபியாய்டு ஏற்பிகளில் சோடியம் மார்ஃபீன் போன்ற தூண்டிகளின் பிணைப்பைக் குறைக்கிறது, நலோக்சோன் போன்ற தடுப்பிகளின் பிணைப்பைக் குறைப்பதில்லை என்பதை கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் 1970களிலேயே காட்டினார்கள். காரணம் கண்ணுக்குத் தெரிய 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடினோசின் ஏ2ஏ ஏற்பியின் 1.8 ஆங்ஸ்ட்ராம் துல்லிய அமைப்பில், சவ்வினூடே செல்லும் சுருள்களின் நடுவே, ஆஸ்பார்ட்டேட் என்ற அமினோ அமிலம் ஒன்றை ஒட்டி, சோடியம் அமர்ந்திருந்தது. தூண்டி பிணைந்து ஏற்பி செயல்நிலைக்கு மாறும்போது அந்தக் குழி சுருங்கிவிடுகிறது. சோடியம் அங்கே இருக்கும்வரை ஏற்பி ஓய்வு நிலையின் பக்கமே சாய்கிறது. மெக்னீசியம் பெரும்பாலும் எதிர்த்திசையில் வேலை செய்து, இறுகிய நிலையை ஆதரிக்கிறது. ஆக்சிடோசின் ஏற்பியிலோ அது ஹார்மோனுக்கும் ஏற்பிக்கும் இடையே நேரடிப் பாலமாகவே நிற்கிறது.

எனவே, ஆய்வுக்கட்டுரைகளில் பிடியின் இறுக்கத்தைக் காட்டும் பிணைப்பு எண்ணைப் படிக்கும்போது அளவீட்டுக் கரைசலில் என்ன இருந்தது என்பதை முதலில் பாருங்கள். சோடியமும் நியூக்ளியோடைடும் இன்றி, மெக்னீசியத்தோடு எடுத்த எண், உயிருள்ள செல்லில் நொடிப்பொழுதே நிலைக்கும் ஒரு நிலையைக் குறிக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் வாய்ப்பிருந்தால், நீரால் பிளக்க முடியாத குவானோசின் நியூக்ளியோடைடு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். தூண்டியின் பிடி அதிலும் தளரும். பாஸ்பேட் பிணைப்பு உடைய வேண்டிய தேவையே இல்லை, ஜி புரதத்தில் அது ஏறி அமர்ந்தாலே போதும்.