பாதி விலைக் கயிறும் பளபளக்கும் போல்ட்டும்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர், அதிகம் பேர் போகாத ஒரு கடலோரத்துக்குப் பாறையேறப் போகிறோம். 9 ஆண்டுகளுக்கு முன் தயாரான, உறையே பிரிக்காத 60 மீட்டர் கயிறு பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நைலான் கயிறு சும்மா கிடந்தாலும் தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுதான் ஆயுள் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். மிச்சமிருப்பது ஒரே ஆண்டு. பத்தில் ஒரு பங்கு ஆயுளுக்குப் பாதி விலை என்றால் அது சலுகையா?

புதுக் கயிறு வாங்கும்போது முனையில் சுற்றியிருக்கும் பட்டையைப் படியுங்கள். ஈஎன் 892 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், வட்டத்துக்குள் 1 என்ற குறியும் இருந்தால்தான் ஒற்றையாகப் பயன்படுத்தலாம். வட்டத்துக்குள் ½ இருந்தால் அது இரட்டையாகப் பயன்படுத்த வேண்டிய கயிறு. ஈஎன் 1891 என்றிருந்தால் நீளாத வகை. தொங்கி இறங்க நல்லது. முன்னால் ஏறுபவர் அதை நம்பி விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் இடுப்பிலும், கயிற்றைத் தாங்கப் பாறையில் பதித்திருக்கும் போல்ட்டிலும்தான் இறங்கும். விலை குறைவு என்று கடைக்காரர் இதைத் தள்ளிவிடப் பார்ப்பதுண்டு.

கடலோரம் என்பதால் நீர் ஊறாத வகை வேண்டும். உறையில் ‘டிரை’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, மேலுறைக்கு மட்டும் பூச்சு கொடுத்தும் அப்படி எழுதுவார்கள். பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏவின் நீர்ச் சோதனையில் தேறிய கயிறு, தன் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் நீர் ஏற்காது. அந்த முத்திரையைக் கேளுங்கள். நனைந்த கயிறு கனக்கும், வீழ்ச்சியைத் தாங்கும் திறனும் குறையும்.

நீளமும் கவனம். 60 மீட்டர் கயிற்றில் ஒருவரை 30 மீட்டர் உயரத்திலிருந்துதான் இறக்க முடியும். நனைந்து காய்ந்தால் கயிறு கொஞ்சம் சுருங்கும் என்பதால் அதுவும் கணக்குக்குத்தான். ஏறுமுன் கீழ்முனையில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். இறக்கும்போது கயிறு தீர்ந்து, முனை, கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவி வழியாக நழுவிப்போவது தவிர்க்கக்கூடிய விபத்து.

கேள்வி: “பாறையில் எல்லாம் ஸ்டெயின்லெஸ் போல்ட், துருப் பிடிக்காது” என்கிறார் பயண ஏற்பாட்டாளர். நம்பலாமா?

பதில்: துருப் பிடிக்காது என்பது பாதி உண்மை. வெப்பமான கடலோரத்தில், இழுவிசையில் இருக்கும் ஸ்டெயின்லெஸ் எஃகை உப்பிலுள்ள குளோரைடு உள்ளுக்குள் விரிசலாக்கும். 304 ரகம் மட்டுமல்ல, கடலுக்கு ஏற்றது என்று விற்கும் 316 ரகமும் தப்புவதில்லை. வெளியே ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தால் உண்டு, அதுவும் சில நேரம் தெரியாது. சில ஆண்டே ஆன போல்ட்டுகள்கூட உடல் எடைக்கே முறிந்திருக்கின்றன. தாய்லாந்தின் ராய்லே கடற்கரையில் டைட்டானியம் போல்ட்டைப் பசை வைத்துப் பதிக்கத் தொடங்கியது இதனால்தான்.

ஆகவே பளபளப்பைப் பார்க்காதீர்கள். என்ன உலோகம், எந்த ஆண்டு அடித்தது, கடைசியாகச் சோதித்தது யார் என்று எழுத்தில் கேளுங்கள். ஆள்நடமாட்டம் குறைந்த இடம் என்றால் பழுதைக் கண்டுசொல்லவும் ஆள் குறைவு. பதில் மழுப்பலாக வந்தால் முன்பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: கேரபினர் (கயிற்றை மாட்டும், கதவு வைத்த உலோக வளையம்) வாங்கும்போது எதைப் பார்ப்பது? உப்புக்காற்று என்ன செய்யும்?

பதில்: முதுகில் சிஇ என்ற ஐரோப்பியக் குறி, அதையடுத்து 4 இலக்க எண், கிலோநியூட்டனில் தாங்குதிறன் மூன்றும் பொறித்திருக்க வேண்டும். சாதாரண வகைக்கு நீளவாக்கில் குறைந்தது 20, குறுக்கில் 7. இது இல்லாதது சாவிக்கொத்துக்குத்தான்.

அலுமினியத்தில் உப்பு வெள்ளைப் பொடியாகப் பூக்கும், கதவின் ஸ்பிரிங்கில் மணல் சேரும். அன்றன்றைக்கு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கதவைப் பலமுறை திறந்து மூடி, நிழலில் உலர்த்தி, கீலில் ஒரு சொட்டு மசகு விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். விரலை எடுத்ததும் கதவு தானாகச் சட்டென்று மூட வேண்டும். கழுவியும் தயங்கினால் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: பயணக் காப்பீடு இருக்கிறதே, போதாதா?

பதில்: விலக்குப் பட்டியலைப் படியுங்கள், பல பாலிசிகளில் கயிறு கட்டி ஏறுவது அதில்தான் இருக்கும். அலை பெரிதானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம், அதாவது கடல்மட்டம், அதிகம் ஏறும். பாறையடிக்கு நடந்துபோகும் வழி மூழ்கும் இடமானால், தேதி குறிக்குமுன் ஓத அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.