பாலிஷ் டப்பாவை மூடி வையுங்கள்

கேள்வி: தாய்மாமா விட்டுப்போன கிளாசிக்கல் கிட்டார் என்னிடம் இருக்கிறது. கையால் செய்தது. உள்ளே ஒட்டிய சீட்டில் ஒரு பெயரும் 1964 என்ற ஆண்டும் உள்ளன. மேற்பலகையில் மெல்லிய விரிசல், கை பட்டு மங்கிய ஒரு இடம். சுரண்டிப் புது பாலிஷ் போட்டு, ஸ்டீல் கம்பி மாட்டினால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: நண்பர் நல்லவர்தான், ஆனால் யோசனை இரண்டுமே ஆபத்து. ஸ்டீல் கம்பியின் இழுவிசை, கிளாசிக்கல் கிட்டாரில் மாட்டும் நைலான் நரம்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேற்பலகையில் நரம்புகளைக் கட்டும் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பாலிஷ் இன்னும் மோசம். அந்த மேற்பலகையின் கனமே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். தட்டிக் கேட்டு, வளைத்துப் பார்த்து, எங்கே எவ்வளவு இழைப்பது என்று செய்தவர் முடிவெடுத்த இடம் அது. சுரண்டினால் பூச்சோடு அவர் வேலையும் போகும். ஸ்பெயினின் அந்தோனியோ டி டோரஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் வெறும் அட்டையில் செய்து ஒரு கிட்டார் கட்டினார். ஒலியின் உயிர் மேற்பலகையில்தான் என்று காட்டத்தான் அந்த வேலை. பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

சீட்டை மட்டும் நம்பாதீர்கள். ஸ்பெயினின் கிட்டார் மேதை செகோவியா வாசித்த 1912 கிட்டாரில் பட்டறைக்காரர் மானுவல் ராமிரெஸ் பெயர்தான் இருக்கிறது. செய்தது அவரிடம் வேலை பார்த்த சாந்தோஸ் எர்னாண்டஸ் என்பார்கள். நரம்புகளைத் தளர்த்திவிட்டு, ஒலித்துளை வழியாகச் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் விட்டுப் பாருங்கள். மேற்பலகையின் அடியில் விசிறிபோல் விரியும் குச்சிகளில் உளித்தடம், பென்சில் கோடு ஏதாவது தெரியும். செய்தவரின் நிஜக் கையெழுத்து அதுதான். படம் எடுத்து வையுங்கள்.

விரிசலைக் கிளாசிக்கல் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ரப் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். சூடும் ஈரமும் காட்டினால் இளகும், நாளை இன்னொருவர் பிரித்துச் சரிசெய்யலாம். எளிதில் பிரிக்க முடியாத எபாக்ஸி பசை என்று ஆரம்பித்தால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

விற்பது உங்கள் இஷ்டம். ஆனால் முதுகு பிரேசில் ரோஸ்வுட் என்றால் 1992 முதல் அந்த மரத்துக்குக் கடுமையான சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு. அனுமதிச் சான்றிதழ் இல்லாமல் நாடு தாண்டி விற்க முடியாது.

அப்புறம், அந்த மங்கிய இடம். மாமாவின் வலது முழங்கை உட்கார்ந்த இடமாகத்தான் இருக்கும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடையுங்கள், போதும்.