வருகை 86-லிருந்து 92: முயற்சி பலிக்கிறதா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியராக இருக்கிறேன். நவம்பர் கடைசியிலிருந்து, வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்கிறேன். மாதம் முழுவதும் வந்தவர்களுக்குப் பரிசும் உண்டு. நவம்பரில் 86 சதவீதமாக இருந்த வருகை டிசம்பரில் 92 ஆகிவிட்டது. முயற்சி பலித்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நவம்பர் மழை மாதம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. தேர்வென்றால் யாரும் கூப்பிடாமலே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பீரோவிலிருந்து சென்ற ஆண்டு வருகைப் பதிவேட்டை எடுத்து, டிசம்பரை டிசம்பரோடு ஒப்பிடுங்கள். போன் செய்யாத ஆறாம் வகுப்பும் இதே அளவு ஏறியிருந்தால், அது தேர்வின் வேலை. தொடக்க வகுப்புகளோடு மட்டும் ஒப்பிட வேண்டாம். 2023 ஆகஸ்ட் 25-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்ட காலை உணவுத் திட்டம் அங்கே பிள்ளைகளை இழுக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் சராசரி. 40 பிள்ளைகள், 20 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 24 பேர் ஆளுக்கு 3 நாள், 4 பேர் ஆளுக்கு 10 நாள் வரவில்லை; மற்றவர்கள் ஒரு நாளும் தவறவில்லை. விடுப்பு மொத்தம் 112, வருகை 86 சதவீதம். அடுத்த மாதம் அந்த 24 பேரும் ஒரு நாள் மட்டுமே தவறுகிறார்கள், நால்வர் அப்படியே. விடுப்பு 64, வருகை 92. உங்கள் எண்ணேதான்! படிப்பை விட்டுவிடும் நிலையிலிருக்கும் நால்வர் கூடுதலாக ஒரு நாள்கூட வரவில்லை. ஆகவே சதவீதத்தை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் பெயர்களைப் பாருங்கள். மாதம் ஐந்து நாளுக்கு மேல் தவறுகிறவர்கள் யார்? பட்டியல் குறைந்தால், பிள்ளை திரும்பியதால் குறைந்ததா, குடும்பம் ஊரைவிட்டுப் போய்ப் பெயரை நீக்கியதால் குறைந்ததா?

போன் விஷயத்துக்கு வருகிறேன். பல வீடுகளில் நம்மிடம் இருப்பது அப்பாவின் எண். அவர் பெங்களூரில் ஏதோ கட்டடத்துச் சாரத்தில் நின்றபடி, ‘நாளை வருவான் சார்’ என்பார். பையன் ஆடு மேய்க்கப் போனது அவருக்கே தெரியாது. ஒரு நோட்டில் போன் செய்த தேதி, எடுத்தவர், சொன்ன காரணம், பிள்ளை வந்த தேதி என்று எழுதி வாருங்கள். அம்மாவோ பாட்டியோ எடுத்த வீட்டில் பிள்ளை சீக்கிரம் திரும்புகிறதா என்பது சில வாரங்களில் பிடிபடும்.

பரிசில் எனக்கு நம்பிக்கை இல்லை. எப்படியும் வருகிற பிள்ளைதான் அதை வாங்கும். முதல் வாரமே தவறியவனுக்கு அந்த மாதம் கை நழுவிவிட்டது. போன மாதத்தைவிடக் கூடுதலாக வந்தவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இனி பிப்ரவரி, மார்ச். புளி உலுக்கும் காலம். ஓடு தட்டிக் கொட்டை எடுக்க வீட்டிலுள்ள எல்லாக் கையும் வேண்டும். உங்கள் பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேர் அப்போது வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, மறுபடி எழுதுங்கள்.