பதில்: ராத்திரி கதை வாசிச்சா மூத்தவ ஓடுதா, சின்னவன் புக்கைப் பிடுங்குதான்

அக்கா, நீங்க அம்பாசமுத்திரத்துல இருந்து எழுதினத பாத்ததும் எங்க வீடுதான் ஞாபகம் வந்துச்சு. ஏழு வயசுக்காரிக்கும் நாலு வயசுக்காரனுக்கும் ஒரே கதைன்னா கொஞ்சம் இழுபறிதான். சின்னவன்கிட்ட பக்கம் திருப்புற வேலைய குடுத்துருங்க, பிடுங்க மாட்டான். மூத்தவ இங்கிலீஷ் மீடியம்னு சொல்லிருக்கீங்க, அவளுக்கு புக்குல உள்ள எழுத்துத் தமிழ்தான் அந்நியமா இருக்கு. எங்க வீட்லயும் அப்படித்தான் இருந்துச்சு, அதனால "அவன் எங்கே சென்றான்"னு இருந்தா நான் "அவன் எங்கன போனான்ட்டி"ன்னுதான் வாசிப்பேன், எம் பொண்ணு உடனே "அப்படி போடலயேம்மா"ன்னு புக்குக்குள்ள தலைய விட்டு தேடுவா, அப்படியே எழுத்துக்கூட்டி வாசிக்கவும் ஆரம்பிச்சுட்டா.

காசு போட்டு மொத்தமா வாங்காதீங்க. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் சைட்ல தமிழ்க் கதை நிறைய ஓசியாவே கெடக்கு, லெவல் 1ல இருந்து 4 வரை பிரிச்சிருக்காங்க, தம்பிக்கு 1, அவளுக்கு 2 போதும். ஆனா போன்ல காட்டுனா அடுத்த நிமிஷம் யூடியூப் கேப்பாங்க, பிரிண்ட் எடுத்துருங்க. பாளையங்கோட்டை வந்தா மாவட்ட மைய நூலகத்துக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க, அவங்களே எடுக்கட்டும், ஒண்ணுக்கும் ஆகாத புக்கை எடுத்தாலும் ஒண்ணும் சொல்லாதீங்க.

அண்ணாச்சி போனும் கையுமா இருக்காருன்னீங்கள்லா, அவருக்கு கதைல வார எருமை, பேய் குரல மட்டும் குடுத்துப் பாருங்க. எங்க வீட்டு ஆளு முதல்ல வெக்கப்பட்டாரு, இப்ப கரண்ட் போனாக்கூட டார்ச் அடிச்சு வாசிக்காரு.