பட்டையை உரிக்கும் கைக்குப் பாடம்

கேள்வி: ஆப்பிரிக்க மூலிகை வைத்தியம் பெரும்பாலும் வாய்மொழியாகவே வழிவழி வந்தது என்று படித்தேன். மூத்த வைத்தியர்கள் சொல்வதையெல்லாம் நூலாக்கிவிட்டால் அந்த அறிவு நிலைத்துவிடாதா?

பதில்: நூலாக்கத்தான் வேண்டும்; ஆனால் எதை எழுதுகிறோம், எதை விடுகிறோம் என்பதில் இருக்கிறது சிக்கல். நைஜீரியாவின் யொரூபா வைத்தியர்கள் மருந்து கூட்டும்போது ‘ஓஃபோ’ என்னும் மந்திர வாசகத்தைச் சொல்வார்கள். அதில் இலையின் பெயரிலுள்ள ஓர் அசையும், அந்த இலை செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் வினைச்சொல்லும் ஒன்றுபோல ஒலிப்பதுண்டு. ஏடில்லாமல் எத்தனையோ இலைகளை நினைவில் நிறுத்த அந்த ஒலியும் ஒரு பிடிமானம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாசகத்தை மூடநம்பிக்கையென்று ஒதுக்கித் தாவரப் பெயரையும் அளவையும் மட்டும் குறித்துக்கொண்டால், மாலையின் நாரை எறிந்துவிட்டுப் பூவைப் பொறுக்கியதாகத்தான் ஆகும்.

செடியே அற்றுப்போனால் எந்த நூலாலும் பயனில்லை. தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்கள் சளிக்கும் இருமலுக்கும் தேடும் ‘இசிபாஹா’ மரத்தின் பட்டை மிளகுபோல் காரமானது. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால், இலைகள் ஆக்கிய உணவு வேருக்கு இறங்கும் வழி அறுந்து மரம் நின்றபடியே பட்டுப்போகும். இப்படி உரித்து உரித்தே காடுகளில் அது அரிதாகிவிட்டது. இத்தனைக்கும் அதன் இலையும் காரமானதுதான். பட்டையிலுள்ள சேர்மங்களை ஒத்தவை இலையிலும் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் பட்டையைக் கொண்டே தொழில் கற்றவரை இலைக்கு மாற்றுவது எளிதன்று. அதை இன்னொரு வைத்தியர் சொன்னால்தான் காதில் ஏறும். டர்பன் நகரின் சில்வர்கிளென் நாற்றங்காலில் மருத்துவச் செடிகளை வளர்த்து, வைத்தியர்களுக்கும் வளர்ப்புமுறையைக் கற்றுத்தந்ததை அதனாலேயே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: இதைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க முடியுமா?

பதில்: கானாவில் கற்பிக்கிறார்கள். மருத்துவரும் (சிற்பியுமான!) ஓகு அம்போஃபோவின் முயற்சியால் 1975இல் மாம்போங்கில் மூலிகை ஆய்வு மையம் எழுந்தது, குமாசியிலுள்ள குவாமே இன்க்ருமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2001இல் மூலிகை மருத்துவத்தில் இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. மருந்தின் நச்சுத்தன்மை, அளவு, நோயாளியை எப்போது மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பவற்றை வகுப்பறையில் கற்கலாம். பூவும் காயும் இல்லாத பருவத்தில் தளிரைக் கசக்கி முகர்ந்தே செடியை இனங்காண்பதற்குக் காட்டில் உடன் நடக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பட்டம் பெறாத முதியவராகவே பெரும்பாலும் இருப்பார்; அவரைத் தகவல் தருபவராக அடிக்குறிப்பில் நிறுத்தாமல், ஊதியம் தந்து ஆசிரியராக அமர்த்த வேண்டும்.