யாரும் கதவைத் தட்டாத ராத்திரி

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 61. உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் தவறிப் பதினோரு மாதம் ஆகிறது. இப்போது மேடவாக்கத்தில் பையன் வீட்டில் இருக்கிறேன்.

ஊர் ஏரிக்கு அவர்தான் எல்லாம். சம்பளம் கிடையாது. மதகு திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைப்பது, கார்த்திகை மழையில் கரையைச் சுற்றி வருவது எல்லாம் அவர் பொறுப்பு. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஏரி வாரியம்னு கல்லுல வெட்டி வெச்ச ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான்" என்று பெருமையாகச் சொல்வார். 2015 டிசம்பர் மழையில் மூன்று ராத்திரி கரையிலேயே கிடந்து மணல் மூட்டை அடுக்கினார். பையன் இங்கே வேளச்சேரியில் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டு, போன்கூடக் கிடைக்கவில்லை. அப்போதும் கரையை விட்டு வரவில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

அவருக்கு முதல் வருஷத் திதியை ஊரில் செய்ய வேண்டாம் என்கிறான் பையன். சென்னையிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் சாப்பாடு போட்டுவிடலாமாம். ஊரில் என்ன நினைப்பார்கள்? படத்தை ஹாலில் மாட்டச் சொன்னால் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். பேத்தி தாத்தாவைப் பற்றிக் கேட்டால் "பாட்டிகிட்ட கேளு" என்கிறான். இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மருமகளைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளைக்கு இருக்க வேண்டாமா?

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லாம் "தூக்கம் வருதாக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். வருவதில்லை என்று சொல்லி வைக்கிறேன். இங்கே வந்த பிறகு நன்றாகத்தான் தூங்குகிறேன், ராத்திரி யாரும் கதவைத் தட்டுவதில்லை. அதை விடுங்கள். அவருடைய மூணு கட்டை டார்ச் லைட்டை மட்டும் கையோடு எடுத்து வந்தேன். அதையும் லாஃப்டில் போடச் சொல்கிறான். திதியை ஊரில்தான் செய்ய வேண்டும் என்று அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள அம்மா,

திதி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். "அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, என்னால் விட முடியவில்லை. பையனைப் பற்றி இத்தனை குறை எழுதியவர், தன்னைப் பற்றி எழுதியது அந்த ஒரு வரிதான்.

நன்றாகத் தூங்குவதை மறைத்து ஊரிடம் பொய் சொல்கிறீர்கள். வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டவர்களும் என்னிடம் இதையே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். நீங்கள் எழுதாததை நானே ஊகிக்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு "அண்ணே, மதகு அடைச்சுக்கிச்சு" என்று வாசலில் குரல் கேட்டால், முதலில் முழித்தது நீங்களாகத்தான் இருக்கும். டார்ச்சைத் தேடி எடுத்துக் கொடுத்ததும், நனைந்து திரும்புகிறவருக்கு அடுப்பைப் பற்றவைத்ததும் நீங்கள்தான்.

அவர் பெருமைப்பட்ட உத்திரமேரூர் கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் வெட்டியது. வாரியத்தில் ஒருவர் 360 நாள்தான் இருக்கலாம். இருந்து இறங்கியவர் பெயரை அடுத்த மூன்று வருடம் குடவோலையில் சேர்க்கக் கூடாது. உங்கள் வீட்டில் அந்த ஓய்வு யாருக்கும் கிடைக்கவில்லை. அவராவது இஷ்டப்பட்டு எடுத்துக்கொண்ட வேலை. உங்களை யார் கேட்டார்கள்? உடம்பு இப்போதுதான் அந்தக் கடனை வசூல் செய்கிறது. செய்யட்டும். அவர் மேல் இருந்த பிரியம் இதில் ஒரு பிடிகூடக் குறையாது.

கோபமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஊரே கும்பிட்டவரைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? அதனால் அது ஃப்ரிட்ஜ், லாஃப்ட் என்று பையன் தலையில் வந்து விழுகிறது. இந்த இடத்தில் நான் அவன் பக்கம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2015-ஐ நீங்கள் அவருடைய பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதையே அவன் பக்கமிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர், போன் இல்லை, அப்பா வேறு யாருடைய வயலையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அவர் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, கரை உடைந்திருந்தால் ஊரே போயிருக்கும். ஆனால் தீபாவளி வருவதே ஐப்பசி மழையில். எத்தனை தீபாவளிக்கு அவர் வீட்டில் இருந்தார் என்று உங்களுக்குத்தான் தெரியும். "பாட்டிகிட்ட கேளு" என்று அவன் சொல்வது, தன்னிடம் சொல்லக் கதை இல்லாததாலும் இருக்கலாம்.

சரி, திதி. ஊரில் செய்ய உங்களுக்கே ஆசை என்றால் செய்யுங்கள், அவனிடம் உறுதியாகவே கேளுங்கள். ஊர் என்ன நினைக்குமோ என்பதற்காக வேண்டாம். ஊரை அவர் போதுமான அளவு பார்த்துவிட்டார். அதற்கு முன்னால், ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த மூன்று நாள் எப்படி இருந்தான் என்று கேளுங்கள். நடுவில் அப்பாவுக்காக வக்காலத்து வாங்காதீர்கள். நீங்கள் நன்றாகத் தூங்குவதையும் அவனிடம் சொல்லுங்கள்.

டார்ச்சை லாஃப்டில் போட வேண்டாம், தலைமாட்டிலேயே இருக்கட்டும். கட்டையை மட்டும் கழற்றி வையுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து டார்ச் வீணாகிவிடும்.