ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் பத்து வெள்ளாடு வளர்த்தால் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும். ஆனால் கடன் வாங்கிப் பரண் கொட்டகை (தரையிலிருந்து உயர்த்திய தளம் உள்ள கொட்டகை) போட்டுத் தொடங்காதீர்கள். ஆடு சம்பாதிப்பது வட்டிக்கே போய்விடும்.

சினைக்காலம் சுமார் 150 நாள். நன்றாகப் பராமரித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று கிடைக்கும். பிறந்த குட்டிகளில் எத்தனை விற்கும் வயதுக்கு வருகின்றன என்பதுதான் உங்கள் வருமானம். மழைக்காலத்தில் ஈரத்தரையில் கிடந்து கழிச்சலில் இரண்டு குட்டி செத்தால், அந்த ஈற்றின் லாபம் போச்சு. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்கான தடுப்பூசிகளைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

தீவனத்துக்கு வேலியோரம் அகத்தி, சூபாபுல் நட்டுவிடுங்கள்.

அப்புறம் விற்பனை. வியாபாரி ஆட்டின் இடுப்பைப் பிடித்துப் பார்த்து, கண்மதிப்பில் ஒரு விலை சொல்வார். ஒத்துக்கொள்ளாமல் தராசில் நிறுத்தி உயிர் எடைக்குக் கேளுங்கள். கிடாக்களைப் பக்ரீத்துக்கு முன்பு விற்பது நல்லது.